டாம் ஸ்டாப்பர்ட்: கிருஷ்ணகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடி நாடகம் படிக்கிற சின்னக் கூட்டம் எங்களுடையது. கல்லூரிப் பிள்ளைகள், ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள், சென்னையில் சில வருஷம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள், பென்னாகரம் பக்கத்துக் கூத்துக் குடும்பத்திலிருந்து ஒரு பையன். டாம் ஸ்டாப்பர்டைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து புதிதாக வருகிற ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன, வரிசை எதுவும் இல்லை.

யாருங்க இவரு? ரெண்டு வரியில சொல்லுங்க.

இங்கிலாந்தின் நாடக ஆசிரியர், திரைக்கதை ஆசிரியர். 1937 ஜூலை 3 அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து, சிங்கப்பூர், இந்தியா என்று அலைந்து, எட்டு வயதில் இங்கிலாந்தில் போய் இறங்கியவர். நியூயார்க் பிராட்வே நாடகங்களுக்குத் தரப்படும் டோனி விருதைச் சிறந்த நாடகத்துக்காக ஐந்து முறை வாங்கினார், வேறு எந்த நாடக ஆசிரியரும் அத்தனை முறை வாங்கியதில்லை. திரைக்கதைக்காக ஒரு ஆஸ்கர். 1997-இல் சர் பட்டம். 2025 நவம்பர் 29 அன்று 88 வயதில் காலமானார். இரண்டு வரியைத் தாண்டிவிட்டது, பரவாயில்லை.

செக் நாட்டுக்காரர்ங்கிறீங்க, பேரு வெள்ளைக்காரன் பேரா இருக்கே?

பெற்றோர் வைத்த பெயர் தொமாஷ் ஸ்ட்ராஸ்லர். தொமாஷ் இந்தியாவில் டாம் ஆனார். ஸ்டாப்பர்ட் என்பது அம்மாவின் இரண்டாவது கணவருடைய குடும்பப் பெயர். அந்தக் கதை கீழே வருகிறது.

ஓசூர் பாட்டா கம்பெனிக்கும் இவருக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னாங்களே, நிஜமா?

ஓசூர் கிளைக்கும் அவருக்கும் இல்லை, பாட்டாவுக்கும் அவருக்கும் உண்டு. நம் கூட்டத்தில் சிலருடைய அப்பாவோ மாமாவோ ஓசூர் பாட்டாவில் வேலை பார்த்தவர்கள் என்பதால் இந்தக் கேள்வி வராத ஞாயிறு கிடையாது.

பாட்டா நாம் நினைக்கிற மாதிரி இந்தியக் கம்பெனியோ இங்கிலீஷ் கம்பெனியோ இல்லை. 1894-இல் ஸ்லீன் என்ற செக் ஊரில் தொடங்கியது. அந்த ஊரையே செருப்புக் கம்பெனிதான் கட்டி எழுப்பியது என்று சொல்லலாம், தொழிலாளர் வீடுகள், பள்ளி, ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனியுடையது. அந்த ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர் யூஜென் ஸ்ட்ராஸ்லர், இவருடைய அப்பா. யூதர். 1939 மார்ச்சில் ஹிட்லரின் படை உள்ளே நுழைந்தபோது, பாட்டா நிர்வாகம் தன்னிடம் வேலை பார்த்த யூத டாக்டர்களையும் மற்ற யூத ஊழியர்களையும் வெளிநாட்டுக் கிளைகளுக்கு இடமாற்றம் என்ற பெயரில் அனுப்பிவைத்தது. ஸ்ட்ராஸ்லர் குடும்பத்துக்கு விழுந்த ஊர் சிங்கப்பூர். தொமாஷுக்கு அப்போது இரண்டு வயது கூட ஆகவில்லை, அவருக்கு ஒரு அண்ணன்.

ஒரு டிரான்ஸ்பர் ஆர்டரில் தப்பித்த குடும்பம் என்று சொன்னால் மிகையில்லை. அந்த ஆர்டர் கிடைக்காத சொந்தக்காரர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் இவருடைய கடைசி நாடகம்.

அப்புறம் இந்தியாவுக்கு எப்படி வந்தாங்க?

ஜப்பான் படை சிங்கப்பூரை நெருங்கியதும் பெண்களையும் குழந்தைகளையும் கப்பலேற்றினார்கள். அம்மா மார்த்தாவும் இரண்டு பையன்களும் ஆஸ்திரேலியா போவதாக நினைத்து ஏறினார்கள், வந்து சேர்ந்தது இந்தியா. அப்பா பின்தங்கினார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. அவர் தப்பிக்க ஏறிய கப்பலை ஜப்பானியர் குண்டு வீசி மூழ்கடித்துவிட்டார்கள். எப்படிச் செத்தார் என்கிற விவரம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மகன்களுக்குத் தெரிந்தது. அப்பா போய்விட்டார் என்று முதன்முதலில் சொல்லக் கேட்டபோது தனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை என்று இவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். முகமே நினைவில் இல்லாத அப்பாவுக்காக ஒரு சின்னப் பையன் எதை வைத்து அழுவான்?

இந்தியாவில் நான்கு வருஷம். டார்ஜிலிங்கில் மவுண்ட் ஹெர்மன் என்ற பள்ளி, பல நாட்டுப் பிள்ளைகள் படித்த ஆங்கில வழிப் பள்ளி. அம்மா அங்கே பாட்டா கடையை நிர்வகித்தார், ஆக இங்கேயும் சோறு போட்டது செருப்புதான். அந்த வருஷங்களைப் பற்றி இவர் எப்போதும் சந்தோஷமாகவே பேசினார். போர்க்கால அகதி ஒருவர் தன் பால்யத்தை இவ்வளவு இனிமையாக நினைவு வைத்திருப்பது எனக்கு முதலில் நம்பவே முடியாமல் இருந்தது. 1991-இல் ஒரு வானொலி நாடகம் எழுதி, அதையே 1995-இல் 'இந்தியன் இங்க்' என்று மேடைக்கு மாற்றினார். 1930-இல் இந்தியாவுக்கு வரும் ஒரு ஆங்கிலப் பெண் கவிஞரையும், அவரை வரைகிற இந்திய ஓவியரையும் பற்றியது. மோசமில்லை, ஆனால் அவருடைய மேல்வரிசை நாடகங்களில் நான் சேர்க்கமாட்டேன்.

ஸ்டாப்பர்ட் பேரு எப்படி வந்துச்சு?

1945-இல் அம்மா, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவ மேஜர் கென்னத் ஸ்டாப்பர்டைக் கல்யாணம் செய்துகொண்டார். 1946-இல் இங்கிலாந்து. பையன்களுக்குத் தன் பெயரைக் கொடுத்தார் மேஜர், கூடவே நாட்டையும். ஆங்கிலேயனாகப் பிறப்பதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் கிடையாது என்று நம்பிய மனிதர், வெளிநாட்டுக்காரர்கள் என்றாலே பிடிக்காது. உன்னை பிரிட்டிஷ்காரனாக ஆக்கியது நான்தான் என்று பையனிடமே சொல்லிக்காட்டியவர். அம்மாவும் பழைய கதை எதையும் வாய்திறக்கவில்லை. யூதர் என்பதையோ, ஊரில் விட்டுவிட்டு வந்தவர்களையோ வீட்டில் பேசுவதே இல்லை. அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று நாடு மாறியவர், நான்காவது தடவை மூட்டை கட்ட வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

வயதான காலத்தில், அம்மா 1996-இல் இறந்தபிறகு, அந்த மேஜர் இவரிடம் என் பெயரைத் திருப்பிக் கொடு என்று கேட்டார். இவர் யூத விஷயங்களில் ஈடுபடுவது பிடிக்கவில்லையாம். அதற்குள் அந்தப் பெயர் உலகம் பூராவும் நாடகக் கொட்டகை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. நடைமுறைக்கு ஒத்துவராது என்று பதில் எழுதினார்.

சார், எங்க வீட்டுல தெலுங்கு பேசுவோம். நான் தமிழ்ல எழுதினா எடுபடுமா? இவரு தாய்மொழி இல்லாத மொழியிலதானே எழுதினாரு?

வேப்பனப்பள்ளியிலிருந்து வருகிற தம்பி கேட்டது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, கிருஷ்ணகிரி டவுனில் பல தெருக்களில் உருது, பள்ளிக்கூடத்தில் தமிழ், வேலைக்கு பெங்களூரு போனால் இன்னொன்று என்று வாழ்கிறவர்கள் நம்மிடம் ஏராளம். அதனால் இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஸ்டாப்பர்ட் இரண்டாவது மொழியில் எழுதிய மேதை என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். நாலைந்து வயதிலிருந்தே ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், செக் மொழி அவரிடம் தங்கவேயில்லை. வளர்ந்தபிறகு ஆங்கிலம் கற்று அதில் நாவல் எழுதியவர்களோடு அவரை ஒப்பிடுவது பொருந்தாது. அவருக்கு இருந்த ஒரே மொழி ஆங்கிலம்தான். உனக்கு இரண்டு மூன்று இருக்கிறது, அந்த வகையில் நீ அவரைவிட வசதியானவன்.

ஆனால் ஒன்று அவருடைய வசனத்தைப் படித்தால் தெரியும். ஆங்கிலத்தை அவர் சும்மா கிடைத்த சொத்து மாதிரி அலட்சியமாகச் செலவழிப்பதில்லை. சிலேடை, எதுகை, ஒரே வாக்கியத்துக்கு மூன்று அர்த்தம், பேச்சுவழக்கின் அபத்தம் எல்லாவற்றையும் காதில் வைத்துக் குலுக்கிப் பார்க்கிறார். ஊர்க்காரர்கள் கவனிக்காமல் பேசிவிட்டுப் போகிற வாக்கியத்தில் வெளியிலிருந்து வந்தவனுக்குத்தான் இடறும். நம் கூட்டத்திலேயே பார்த்திருக்கிறேன், வீட்டில் கன்னடம் பேசுகிற பெண் எழுதுகிற தமிழ் வசனத்தில் எங்கள் யாருக்கும் கேட்காத ஓசை ஒன்று இருக்கும். அதற்காக வேற்றுமொழிக்காரன் எல்லாம் நல்லா எழுதிவிடுவான் என்று சூத்திரம் போடவேண்டாம். காது இருந்தால் எழுது, எந்த மொழி வீட்டில் பேசினாய் என்று பார்வையாளன் டிக்கெட் கிழிக்கும்போது கேட்கப்போவதில்லை.

காலேஜ்ல இலக்கியம் படிச்சவரா?

காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை. 17 வயதில் பள்ளியை விட்டு, 1954-இல் பிரிஸ்டல் நகரில் ஒரு உள்ளூர்ப் பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தார். கோர்ட், முனிசிபாலிட்டி, விபத்து, பூக்கண்காட்சி எல்லாம் எழுதுகிற வேலை. கார் ஓட்டவே தெரியாமல் கார்களைப் பற்றிப் பத்தி எழுதினார் என்பது பிரபலமான கதை. பிரிஸ்டல் ஓல்ட் விக் என்ற நாடகக் கம்பெனி அந்த ஊரில்தான் இருந்தது. நாடக விமர்சனம் எழுதப் போய், நடிகர்களோடு பழகி, பீட்டர் ஓ'டூல் ஹாம்லெட்டாக நடித்ததைப் பார்த்து, அப்படியே நாடகப் பைத்தியம் பிடித்தது. 1960-இல் வேலையை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தார்.

டிகிரி இல்லாத குறை அவருக்குக் கடைசிவரை இருந்திருக்கும் என்று நான் சந்தேகிக்கிறேன். நாடகங்களில் இவ்வளவு தத்துவம், கணிதம், இயற்பியல், லத்தீன் கவிதை. படித்தவர்கள் அத்தனையையும் இப்படி இழுத்துப் போடமாட்டார்கள், தானாகப் படித்தவன்தான் போடுவான்.

பிரேக் எப்ப கிடைச்சுது?

1966 ஆகஸ்ட், எடின்பரோ நாடக விழா. அதிகாரபூர்வ விழாவில் கூட இல்லை, ஓரமாக நடக்கிற 'ஃப்ரிஞ்ச்' பகுதியில், ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் போட்ட நாடகம். பெயர் 'ரோசன்கிராண்ட்ஸ் அண்ட் கில்டன்ஸ்டர்ன் ஆர் டெட்'. 1964-இல் ஒரு உதவித்தொகையில் பெர்லின் போயிருந்தபோது சின்னதாக ஆரம்பித்து, பிறகு நீட்டி எழுதியது. கூட்டம் சொற்பம். ஆனால் அந்த ஞாயிறு 'அப்சர்வர்' பத்திரிகையில் ஒரு விமர்சகர் தூக்கி எழுதிவிட்டார், உடனே லண்டன் நேஷனல் தியேட்டரிலிருந்து ஸ்கிரிப்ட் கேட்டுத் தந்தி. 1967 ஏப்ரல் 11 அன்று அங்கே அரங்கேறியபோது அவருக்கு 29 வயது. அதே வருஷம் நியூயார்க், அடுத்த வருஷம் முதல் டோனி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அதே 1966 ஆகஸ்டில் அவருடைய நாவல் ஒன்றும் வெளியானது. தன் பெயரை அந்த நாவல்தான் நிலைநிறுத்தும், நாடகம் சும்மா பக்கவாட்டு வேலை என்று நினைத்திருந்தார். நாவலை யாரும் சீண்டவில்லை. அதற்குப்பிறகு அவர் நாவலே எழுதவில்லை.

அந்த நாடகத்துல அப்படி என்ன இருக்கு? பேரே வாயில நுழையல.

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் ராஜா வேவு பார்க்க வரவழைக்கிற இரண்டு பழைய நண்பர்கள் இவர்கள். சின்னப் பாத்திரங்கள். கடைசியில் இருவரும் செத்துவிட்டார்கள் என்று யாரோ ஒருவர் வந்து ஒரு வரியில் சொல்வதோடு சரி. ஸ்டாப்பர்ட் அவர்களை நடுமேடைக்குக் கொண்டுவந்து, ஹாம்லெட்டை ஓரத்துக்குத் தள்ளினார். தங்களை ஏன் கூப்பிட்டார்கள், என்ன செய்யவேண்டும், எங்கே போகிறோம் எதுவும் புரியாமல் இரண்டு பேர் வார்த்தை விளையாடிக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

கூத்துக் குடும்பத்துப் பையன் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டான். பாரதக் கூத்தில் விடிய விடிய நடக்கிற பதினெட்டாம் போரில், துரியோதனன் பக்கம் நிற்கிற பெயரில்லாத இரண்டு வேலைக்காரர்களை மட்டும் வைத்து ஆட்டம் கட்டினால் எப்படி இருக்கும், துரியோதனனும் பீமனும் நடுநடுவே திரையைத் தள்ளிக்கொண்டு வந்து ஏதோ பாடிவிட்டுப் போவார்கள், இவர்களுக்கு ஒன்றும் விளங்காது என்றான். அதேதான். நம் கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் வெளியிலும் நின்று கிண்டல் பண்ணுவது போல இவர்களுக்கு வெளியே நிற்கிற சலுகை மட்டும் கிடையாது.

நாடகம் ஆரம்பிப்பதே நாணயம் சுண்டுவதில். 92 தடவை தொடர்ச்சியாகத் தலையே விழுகிறது.

இவரு வாழ்க்கையை வெச்சுப் பார்த்தா, அகதியா வந்தாலும் முயற்சி பண்ணினா மேல வரலாம்னுதானே அர்த்தம்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும், மன்னிக்கவும். உழைத்தார், மறுக்கவில்லை. ஆனால் வரிசையாகப் பாருங்கள். கம்பெனி இடமாற்றம் கொடுத்தது. கப்பல் வேறு ஊரில் கொண்டுபோய் இறக்கியது. அம்மாவை ஒரு பிரிட்டிஷ் மேஜர் கல்யாணம் செய்துகொண்டார். இந்த மூன்றில் எதுவும் அந்தப் பையன் செய்தது இல்லை, மூன்றில் ஒன்று பிசகியிருந்தாலும் பெயர் ஏதாவது முகாம் பட்டியலில் இருந்திருக்கும். போர் முடிந்தபின் ஸ்டாலின் ஆட்சிக்குக் கீழ் போன நாட்டுக்கும் திரும்பவேண்டி வரவில்லை. நாணயம் திரும்பத் திரும்பத் தலையாகவே விழுந்த ஆள் இவர். தன் குடும்பக் கதை முழுசாகத் தெரிவதற்கு முப்பது வருஷத்துக்கு முன்பே அந்த நாணயக் காட்சியை எழுதியிருக்கிறார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாமல் இருக்கிற பிள்ளைகள் நம்மைவிட நல்ல தமிழ் எழுதுகிறார்கள். அவர்களிடம் போய் ஸ்டாப்பர்டைப் பார், முயன்றால் முடியும் என்று சொல்லாதீர்கள். அவருக்கு எட்டு வயதில் கிடைத்த காகிதம் இவர்களுக்கு முப்பது வயதிலும் கையில் இல்லை. அவரே தன்னுடையது அதிர்ஷ்டம் வாய்த்த வாழ்க்கை என்று சொல்லிக்கொண்டிருந்தார், வயதான பிறகு அந்தப் பேச்சை நினைத்துக் கூசினார்.

மூளை விளையாட்டுதான், மனசு இல்லைன்னு விமர்சனம் இருக்கே?

இருக்கிறது, முதல் பதினைந்து வருஷத்துக்கு அது பெரும்பாலும் நியாயமும்கூட. 1972-இல் வந்த 'ஜம்பர்ஸ்' நாடகத்தில் தத்துவப் பேராசிரியர்கள் குட்டிக்கரணம் போடுகிறார்கள், 1974-இல் 'டிராவெஸ்டீஸ்', முதல் உலகப்போர்க் கால சூரிக் நகரில் ஜேம்ஸ் ஜாய்ஸ், லெனின், கவிஞர் டிரிஸ்டன் ட்ஸாரா மூவரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கியது. பிரமாதமான சாமர்த்தியம். படித்து முடித்தால் மூச்சு வாங்கும், கண் ஈரமாகாது.

1982-இல் 'தி ரியல் திங்' வந்ததும் கொஞ்சம் மாறியது. புத்திசாலித்தனமாகக் காதலைப் பற்றி எழுதுகிற ஒரு நாடக ஆசிரியன், நிஜமாகக் காதலில் அடிபடும்போது அந்த வசனமெல்லாம் கைகொடுக்காமல் நிற்கிறான். தன்னைத்தானே கேட்டுக்கொண்ட நாடகம். 1993-இல் 'ஆர்கேடியா'. என் அபிப்பிராயத்தில் அவர் எழுதியதிலேயே பெரியது இதுதான். ஒரே அறை, ஒரே மேசை, 1809-இல் ஒரு குடும்பம், நம் காலத்தில் அதே வீட்டில் பழைய காகிதங்களைத் துருவுகிற ஆராய்ச்சியாளர்கள், காட்சிகள் மாறி மாறி வரும். பதின்மூன்று வயதுப் பெண் தோமசினா பாயசத்தில் ஜாம் கலக்குகிறாள். வலமாகக் கலக்கினால் சிவப்புக் கோடு பரவுகிறது, இடமாகக் கலக்கினால் ஏன் பழையபடி திரும்பிச் சேரமாட்டேன் என்கிறது என்று கேட்கிறாள். வெப்பவியலின் இரண்டாம் விதியை அந்தக் கிண்ணத்திலேயே வைத்துவிட்டார். அந்தப் பெண் பதினேழு வயது நிறைவதற்கு முன்னால் தீயில் எரிந்து போவாள் என்பது நமக்கு நடுவில் தெரிந்துவிடும், அவளுக்குத் தெரியாது. கடைசிக் காட்சியில் அவள் நடனம் கற்றுக்கொள்கிறாள், இரண்டு காலமும் ஒரே மேடையில் சுற்றுகின்றன. மனசு இல்லை என்கிறவர்கள் அந்த ஐந்து நிமிஷத்தைப் பார்க்கட்டும்.

அரசியல் பேசலையாமே?

இங்கிலாந்தின் இடதுசாரி நாடகக்காரர்கள் கொதித்துக்கொண்டிருந்த காலத்தில் இவர் பழமைவாதிகள் பக்கம் சாய்ந்து நின்றார், தஞ்சம் கொடுத்த நாட்டைக் குறை சொல்ல வாய் வரவில்லை. அது பலவீனம்தான் என்பேன். ஆனால் 1977-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் 'சாசனம் 77' என்ற மனித உரிமை அறிக்கை வெளியாகி, அதில் கையெழுத்திட்டவர்கள் சிறைக்குப் போனபோது அவர் சும்மா இருக்கவில்லை. பிராகா போய், அங்கே தடைசெய்யப்பட்ட நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவலைச் சந்தித்தார். அதே வருஷம் பிபிசிக்காக 'புரொஃபஷனல் ஃபவுல்' என்ற தொலைக்காட்சி நாடகம் எழுதி அவருக்குக் காணிக்கையாக்கினார். தத்துவ மாநாட்டுக்கு என்று பிராகா போய் உள்ளுக்குள் கால்பந்து மேட்ச் பார்க்கத் துடிக்கிற ஒரு பேராசிரியர், பழைய மாணவன் ஒருவனுடைய ரகசியக் கையெழுத்துப்பிரதியில் போய் மாட்டிக்கொள்கிறார். ஹாவல் 1989 கடைசியில் நாட்டின் ஜனாதிபதியானார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணா, சினிமாவுக்கு என்ன பண்ணினாரு? அதைச் சொல்லுங்க முதல்ல.

உதவி இயக்குநர் தம்பிகளின் கேள்வி. டைட்டில் கார்டில் பெயர் வந்தவற்றில் முக்கியமானவை: 1985-இல் டெர்ரி கில்லியம் இயக்கிய 'பிரேசில்', மூன்று பேர் சேர்ந்து எழுதியது, ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. 1987-இல் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'எம்பயர் ஆஃப் த சன்', ஜப்பானியர் பிடித்த ஷாங்காயில் பெற்றோரைத் தொலைத்த ஒரு பையன் கதை. நாவல் வேறொருவருடையதுதான், ஆனால் அதைத் திரைக்கதையாக்க இவரைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்? 1998-இல் 'ஷேக்ஸ்பியர் இன் லவ்', மார்க் நார்மன் எழுதிய முதல் பிரதியை எடுத்து மாற்றி எழுதினார், ஆஸ்கரை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். தன்னுடைய 'ரோசன்கிராண்ட்ஸ்' நாடகத்தை 1990-இல் தானே படமாக இயக்கி வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கினார். வேறு இயக்குநர் என்றால் நாடகத்தை மரியாதையோடு நடத்துவார், அதற்குத் தேவைப்படுகிற அவமரியாதையைத் தன்னால்தான் செய்ய முடியும் என்பது அவர் சொன்ன காரணம். அதற்குப்பிறகு வேறு படம் இயக்கவில்லை.

பெயர் வராத வேலைதான் நம் ஆட்களுக்குப் பாடம். 1989-இல் வந்த மூன்றாவது 'இண்டியானா ஜோன்ஸ்' படத்தின் வசனம் ஏறக்குறைய முழுக்க ஸ்டாப்பர்ட் எழுதியது என்று ஸ்பீல்பெர்க்கே சொல்லியிருக்கிறார். படத்தில் பெயர் கிடையாது. அப்பாவும் மகனும் சண்டை போட்டுக்கொள்கிற அந்தக் காட்சிகளை மறுபடி பாருங்கள், கை யாருடையது என்று புரியும்.

வடபழனியிலும் வளசரவாக்கத்திலும் ஆபீஸ் போட்டு நடக்கிற கதை டிஸ்கஷனில் உட்கார்ந்து, வசனமெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, டைட்டிலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்தவர்கள் நம் கூட்டத்திலும் உண்டு. ஸ்டாப்பர்டுக்கும் பெயர் இல்லை, உங்களுக்கும் இல்லை என்று ஆறுதல் சொல்லமாட்டேன். அவருக்குப் பெரிய சம்பளம் வந்தது, பேசியபடி வந்தது. உங்களில் ஒருவருக்கு பேட்டா கூட பாக்கி.

அப்ப நாடகமா, சினிமாவா? எதுல எழுதறவனுக்கு மரியாதை?

நாடகத்தில். அங்கே பிரதி எழுதியவனுடைய சொத்து, கம்பெனிக்கு நடிக்க மட்டும் அனுமதி, அவனைக் கேட்காமல் வரியை மாற்றக்கூடாது. ஹாலிவுட்டில் காசு வாங்கிய கணத்தில் பிரதி ஸ்டுடியோவுடையது, நாளைக்கு வேறு ஆளை வைத்துத் திருத்துவார்கள். ஸ்டாப்பர்ட் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. சினிமாவில் கூலிக்கு எழுதி, அந்தக் காசில் நாடகத்துக்கு வேண்டிய வருஷங்களை வாங்கினார் என்பது என் கணிப்பு. நாடக ஒத்திகையில் கடைசிவரை தினமும் போய் உட்கார்ந்து, நடிகர் வாயில் சிக்குகிற வரியை அங்கேயே திருத்துவார். எழுதியதெல்லாம் மைப்பேனாவில், கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை.

குடும்பம்?

மூன்று திருமணங்கள், நான்கு மகன்கள், ஒருவர் நடிகர். போதும்.

தான் யூதர்னு அவருக்கே தெரியாதாமே? அது எப்படி?

அரைகுறையாகத் தெரியும். குடும்பத்தில் எங்கேயோ கொஞ்சம் யூத ரத்தம் இருக்கலாம் என்கிற அளவில். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, செக் உறவுக்காரப் பெண் ஒருவர் லண்டன் வந்தார். நேஷனல் தியேட்டர் உணவகத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் குடும்ப மரத்தை வரைந்து காட்டினார். நாம் எவ்வளவு தூரம் யூதர் என்று இவர் கேட்க, முழுக்க முழுக்க என்று பதில். தாத்தா பாட்டி நான்கு பேருமே நாஜி முகாம்களில் இறந்தவர்கள். அம்மாவின் சகோதரிகள் சிலரும். இப்படிச் சித்திகள் இருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிகிறது.

1998-இல் அண்ணனோடு ஸ்லீன் போனார். அப்பாவோடு வேலை பார்த்த பெரிய டாக்டரின் மகளைச் சந்தித்தார். சின்ன வயதில் கண்ணாடி குத்திக் கிழிந்த அந்தப் பெண்ணின் கையைத் தைத்தவர் டாக்டர் ஸ்ட்ராஸ்லர். தழும்பு இன்னும் இருந்தது. நீட்டினார், இவர் தொட்டுப் பார்த்தார். அப்பா கை பட்ட பொருள் என்று அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். சின்ன வயதில் வராத துக்கம் அந்தக் கணத்தில் வந்தது என்று எழுதியிருக்கிறார்.

அதற்கப்புறமும் நாடகமாக எழுத இருபது வருஷம் ஆனது. 'லியோபோல்ட்ஸ்டாட்', 2020 தொடக்கத்தில் லண்டனில் அரங்கேறி, மார்ச்சில் கோவிட் வந்து நின்று, மறுபடி எழுந்து, நியூயார்க் போய் 2023-இல் ஐந்தாவது டோனி வாங்கியது. வியன்னாவில் வசதியான ஒரு யூதக் குடும்பம், 1899-இல் வீடு நிறைய ஆட்களோடு ஆரம்பித்து 1955-இல் மூன்று பேரில் முடிகிறது. அந்த மூவரில் ஒருவன் இங்கிலாந்தில் வளர்ந்த இளைஞன், எதுவுமே நினைவில்லாமல் சிரித்த முகமாக வருகிறான். பின்னால் நிழலே விழாதவன் போல வாழ்கிறாயே என்று சொந்தக்காரன் அவனைப் பிடித்து உலுக்குகிறான். அந்த இளைஞன் யார் என்று சொல்லவேண்டியதில்லை. 82 வயதில் ஒருவர் தன்னைத்தானே மேடையில் நிறுத்தி இவ்வளவு கடுமையாகப் பேசவைத்ததை நான் வேறெங்கும் படிக்கவில்லை. நாடகமாகப் பார்த்தால் முதல் பாதியில் பெயர்களும் உறவுமுறையும் குழப்பும், பக்கத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்.

எதுல ஆரம்பிக்கறது? இங்கிலீஷ் சுமார்தான்.

'ஷேக்ஸ்பியர் இன் லவ்' படத்தை சப்டைட்டிலோடு பாருங்கள், நாடகக் கம்பெனியின் கடன், குழப்பம், அவசரம் எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிதான். பிறகு 'ரோசன்கிராண்ட்ஸ்' படம், அதற்கு முன்னால் ஹாம்லெட் கதைச் சுருக்கம் தமிழிலேயே படித்துவிட்டு. அப்புறம் 'ஆர்கேடியா'வைக் குழுவாகச் சத்தமாக வாசியுங்கள், தனியாகப் படித்தால் நாலாவது பக்கத்தில் மூடிவிடுவீர்கள். 'ஜம்பர்ஸ்' இப்போதைக்கு வேண்டாம்.

தமிழ்ல மொழிபெயர்த்து நம்ம ஊர்ல போடலாமா?

பொதுவாக மொழிபெயர்க்கவும் மேடையேற்றவும் இரண்டுக்கும் தனித்தனியாக அனுமதி வாங்கவேண்டும். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம் உரிமை நீடிக்கும், அதாவது இவருக்கு 2085 முடியும்வரை. அமெச்சூர் குழு டிக்கெட் வைக்காமலோ கோயில் நன்மைக்காகவோ போடுவதற்கும், பள்ளிக்குள் மாணவர், பெற்றோர் முன்னால் மாணவர்கள் போடுவதற்கும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் அந்த விலக்கு மொழிபெயர்க்கும் உரிமையைத் தராது. புத்தகத்தின் முதல் பக்கங்களிலேயே யாருக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்று போட்டிருக்கும், எத்தனை காட்சி, எத்தனை இருக்கை, டிக்கெட் விலை என்ன என்று குறிப்பிட்டு எழுதுங்கள். நாலு சுவருக்குள் நாம் உட்கார்ந்து வாசிப்பதற்கு யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அந்த இரண்டு வேலைக்காரர்களை வைத்துப் பதினெட்டாம் போர் ஆட்டம் கட்டுகிற யோசனைக்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம், பாரதம் எல்லாருக்கும் பொது. பையன் முதல் காட்சி எழுதிக்கொண்டிருக்கிறான், மத்தளம் வாசிக்க ஆள் கிடைத்தால் சொல்லுங்கள்.